பிடிமண் கொடுத்தால்தான் குதிரை எழும்

உள்ளங்கைக்குள் அடங்கும் ஒரு களிமண் உருண்டை. அதை இரண்டு கையாலும் உருட்டி நீட்டி, மேல்பக்கம் கொஞ்சம் கிள்ளித் தலையாக்கி, விழாமல் நிற்கிறதா என்று தரையில் வைத்துப் பார்க்க வேண்டும். நின்றால் ஒரு குச்சியால் இரண்டு குழி. அதுதான் கண். கை கிடையாது, வாய் கிடையாது, ஆணா பெண்ணா என்ற அடையாளமும் கிடையாது. ஒரு பொம்மை முடிந்தது. அடுத்த உருண்டையை எடுக்கலாம்.

1993ல் இங்கிலாந்தின் செயின்ட் ஹெலன்ஸ் நகரத்தில் சுமார் 100 பேர் இந்த வேலையைச் செய்தார்கள். அவர்களில் 7 வயதுப் பிள்ளையும் இருந்தது, 70 வயதுக்காரரும் இருந்தார். நிலக்கரிக்கும் கண்ணாடித் தொழிலுக்கும் பேர்போன ஊர் அது. வந்தவர்கள் சிற்பம் படித்தவர்கள் அல்ல, குடும்பம் குடும்பமாக வந்த ஊர்க்காரர்கள். அவர்கள் கையில் கிடைத்தது செங்கல் அறுக்கிற மண். சிற்பி ஆன்டனி கோர்ம்லி அவர்களிடம் சொன்ன விதிகளும் ஒரு கைவிரல் எண்ணிக்கைக்குள் அடங்கிவிடும்: பொம்மை கையில் பிடிக்கிற அளவில் இருக்க வேண்டும், தலை உடம்புக்கு ஏற்ற அளவில் அமைய வேண்டும், கண் ஆழமாக இருக்க வேண்டும். மற்றதெல்லாம் செய்கிறவர் இஷ்டம்.

சுமார் 40,000 பொம்மைகள் சூளையிலிருந்து வெளிவந்தன. ‘ஃபீல்ட்’, அதாவது வயல், என்பது அந்தப் படைப்புக்குப் பெயர். கண்காட்சியில் இவற்றைப் பீடத்தில் ஏற்றி வைப்பதில்லை. ஓர் அறையின் தரை முழுக்க, சுவருக்குச் சுவர், இடைவெளி இல்லாமல் நெருக்கி நிறுத்திவிடுகிறார்கள். உள்ளே கால் வைக்க இடமிருக்காது. பார்க்க வந்தவர் வாசற்படியோடு நின்றுவிட வேண்டியதுதான். அங்கே நிற்கிற அவரை 40,000 ஜோடிக் கண்கள் நிமிர்ந்து பார்க்கும். 1994ல் கோர்ம்லிக்கு பிரிட்டனின் டர்னர் பரிசு கிடைத்ததில் இந்த மண் பொம்மைகளுக்குப் பெரிய பங்கு உண்டு.

இந்த வேலையின் வேர் இங்கிலாந்தில் இல்லை, மெக்சிகோவில் இருக்கிறது. 1990களின் தொடக்கத்தில் சோலூலா என்ற ஊரில் பரம்பரையாகச் செங்கல் அறுத்து வந்த ஒரு பெரிய குடும்பத்தாரோடு சேர்ந்துதான் இதன் முதல் பெரிய வடிவத்தை அவர் உருவாக்கினார். அங்கே 30,000க்கும் மேற்பட்ட பொம்மைகள் செய்யப்பட்டன. அடுத்து பிரேசிலின் அமேசான் பகுதி, அதன் பிறகு ஸ்வீடன், பிறகுதான் செயின்ட் ஹெலன்ஸ். எல்லாவற்றையும் தூக்கிச் சாப்பிடுகிற மாதிரி 2003ல் சீனாவின் குவாங்தொங் மாநிலத்தில் சுமார் 350 பேர் ஐந்தே நாளில் 125 டன் செம்மண் களியை ஏறத்தாழ 2 லட்சம் பொம்மைகளாக்கினார்கள்.

இத்தனை ஊரிலும் மாறாத விஷயம் ஒன்று உண்டு. அந்தந்த ஊரின் மண்ணை அந்தந்த ஊர்க்காரர்களே பிசைந்தார்கள். பொம்மைகள் ஊருக்கு ஊர் நிறம் மாறின, உடல்வாகும் மாறியது. ஒரே ஊரிலேயே ஒருவர் செய்ததும் அடுத்தவர் செய்ததும் ஒன்றுபோல இருக்காது. கூர்ந்து பார்த்தால் சிலவற்றில் கட்டைவிரல் பதிந்த தடம் தெரியும்.

சரி, இதற்கு யார் பெயர் போடுவது? கோர்ம்லி பெயர்தான் போடப்பட்டது. யோசனை அவருடையது, விதி அவருடையது, அடுக்குகிற முறையும் அவருடையது. நியாயம்தான். ஆனாலும் 40,000 பொம்மையில் மிகப் பெரும்பாலானவை வேறு கைகள் செய்தவை. சீனத்துக் கண்காட்சியில் இந்தக் கணக்கை ஓரளவு நேர் செய்யப் பார்த்தார்கள். செய்தவர்களின் படங்களையும் அவர்கள் செய்த பொம்மையின் படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் மாட்டினார்கள். பார்ப்பவருக்கு உடனே ஒரு விளையாட்டு தொடங்கிவிடும்: இந்த அம்மாவின் முகவெட்டு அந்தப் பொம்மையில் இருக்கிறதா, இல்லையா?

ஊர் கூடிச் செய்கிற கலை என்றாலே இந்தப் பெயர்க் கேள்வி வந்து நிற்கும். அதற்கான விடை பெரும்பாலும் வேலைக்கு எடுத்துக்கொண்ட பொருளுக்குள்ளேயே இருக்கிறது. சலவைக்கல்லைக் கொடுத்தால் நூறு பேரில் தொண்ணூற்றொன்பது பேர் ஒதுங்கி நின்று வேடிக்கை பார்ப்பார்கள். களிமண்ணைக் கொடுத்தால் ஒதுங்க யாருக்கும் சாக்கு கிடையாது. புல், நெல், மண், நார் ஆகியவை கைக்குப் பழகிய பொருள்கள். யார் உள்ளே வரலாம், யார் வரக் கூடாது என்பதைக் கலைஞருக்கு முன்பே அவை முடிவு செய்துவிடுகின்றன.

நாற்று நட்டு வரைந்த ஓவியம்

ஜப்பானின் வடபகுதியில் அவொமோரி மாநிலத்தில் இனகதாதே என்று ஒரு சின்னக் கிராமம். மக்கள்தொகை 8,000 அளவில்தான் இருக்கும். பெருமை சொல்லிக்கொள்ள அங்கே கடற்கரையும் இல்லை, கோட்டையும் இல்லை. ஆனால் அந்த மண்ணில் 2,000 வருடத்துக்கு முற்பட்ட நெல் வயலின் தடம் 1980களின் தொடக்கத்தில் அகழாய்வில் கிடைத்தது. பழைய வயலின் வரப்புகளோடு அன்றைய மனிதரின் காலடித் தடங்களும் இருந்தன. நெல்தான் நம் சொத்து என்று ஊர் முடிவு செய்தது.

1993ல் முதல் படம் நடப்பட்டது. வயலையே தாளாகவும் நாற்றையே வண்ணமாகவும் வைத்து, பக்கத்திலிருக்கும் இவாகி மலையை எளிய கோட்டுருவமாக நட்டார்கள். பச்சைக்கு வழக்கமான நெல். ஊதாவுக்கும் மஞ்சளுக்கும் பழங்கால ரகங்கள், அவற்றின் இலையே அந்த நிறத்தில்தான் வளரும். சாயம் தெளிக்கிற வேலை எதுவும் இல்லை. அதே மலையைத்தான் ஒன்பது வருடம் திரும்பத் திரும்ப நட்டார்கள்.

2003ல் ஆசை பெருகி மோனாலிசாவை நட்டார்கள். அங்கேதான் வயல் ஒரு பாடம் நடத்தியது. இந்தப் படத்தைப் பார்க்க வேண்டிய இடம் கிராம அலுவலகக் கட்டடத்தின் உச்சி. பழைய ஜப்பானியக் கோட்டையின் பாணியில் கட்டப்பட்ட அந்த மாடத்திலிருந்து பார்த்தால், பக்கத்தில் இருப்பது பெரிதாகவும் தூரத்தில் இருப்பது சிறிதாகவும் தெரியும். தாளில் சரியாக இருந்த மோனாலிசா வயலில் தலை சிறுத்து, கீழ்ப்பாதி பெருத்து உட்கார்ந்திருந்தாள். ஊரே சிரித்திருக்கும். அடுத்தடுத்த வருடங்களில் கணினியின் துணையோடு படத்தையே இழுத்து நீட்டி வரையக் கற்றுக்கொண்டார்கள். மேலே நின்று பார்க்கும் கண்ணுக்குச் சரியாகத் தெரிய வேண்டும் என்றால் வயலில் அது கோணலாக இருந்தாக வேண்டும். வயலுக்குள் நின்று நாற்று நடுகிறவருக்கு அங்கே மூக்கும் தெரியாது, முழியும் தெரியாது. தெரிவதெல்லாம் சேறும் கயிறும்தான்.

நடவு நடக்கிற விதத்தைக் கொஞ்சம் கிட்டத்தில் பார்க்கலாம். உள்ளூர்ப் பள்ளி ஓவிய ஆசிரியர் ஒருவர் பல வருடம் படத்தை வரைந்து கொடுத்தார். அது புள்ளிகளாகப் பிரிக்கப்பட்டு, ஒவ்வொரு புள்ளிக்கும் வயலில் ஒரு குச்சி ஊன்றப்படுகிறது. குச்சிகளின் எண்ணிக்கை ஆயிரக்கணக்கில் போகும். குச்சிக்குக் குச்சி நாடா கட்டி எல்லை பிரித்துவிட்டால், எந்தக் கட்டத்தில் எந்த நாற்று என்பது தெரிந்துவிடும். மே கடைசி அல்லது ஜூன் தொடக்கத்தில் ஒரு நாள் குறித்து 1,000க்கும் மேற்பட்டவர்கள் சேற்றில் இறங்குகிறார்கள். விவசாயிகள், அலுவலகக்காரர்கள், பள்ளிப் பிள்ளைகள், வெளியூர்க்காரர்கள் என்று எல்லாரும் அதில் உண்டு. பெரிய தேர்ச்சி எதுவும் தேவையில்லை, குனிய முடிந்தால் போதும். ஜூலை நடுவில் படம் துலங்கும். இலையுதிர்காலத்தில் அதே கூட்டம் அரிவாளோடு வந்து மோனாலிசாவையோ சாமுராயையோ அறுத்துக் கட்டிவிடும். மறுவருடம் அந்த வயலில் வேறு படம்.

இப்போது ஏழு நிறத்தில் நடுகிறார்கள். லட்சக்கணக்கில் ஆட்கள் பார்க்க வருகிறார்கள். 2013ல் உள்ளூர் ரயில் தடத்தில் ‘தான்போ ஆர்ட்’, அதாவது வயல் கலை, என்ற பெயரிலேயே ஒரு சின்ன நிலையம் திறந்தார்கள்.

ஆனால் இந்த ஊர்க் கதையில் மறக்கக் கூடாத வருடம் 2008. செலவை ஈடுகட்ட ஒரு வழி என்று படத்தின் அடியில் ஒரு விமான நிறுவனத்தின் சின்னமும் ஒரு நாளிதழின் பெயரும் விளம்பரமாக நடப்பட்டன. நாற்றும் வேர் பிடித்துவிட்டது. நிலம் கொடுத்தவர்கள் தரப்பிலிருந்து எதிர்ப்பு கிளம்பியது. விளைவு, விளம்பரப் பகுதி நாற்றுகள் பிடுங்கப்பட்டன. ஊர் சேர்ந்து நட்டதில் இன்னொருவர் பெயர் எழுதக் கூடாது என்று சொல்லும் உரிமை அங்கே வரைந்தவருக்கு இல்லை, நிலத்துக்காரருக்கு இருந்தது. கோர்ம்லியின் அறையில் எழுந்த அதே பெயர்க் கேள்விக்கு இந்த வயல் வேறு விடை சொன்னது.

புல்லால் ஒரு பாலம்

பெரு நாட்டின் குஸ்கோ பகுதியில், கடல் மட்டத்துக்கு 3,600 மீட்டருக்கும் மேலே, அபுரிமாக் ஆற்றின் குறுக்கே கெஸ்வாசாக்கா தொங்குகிறது. நீளம் ஏறத்தாழ 28 மீட்டர். இன்கா காலத்துச் சாலைகளை இணைத்த கயிற்றுப் பாலங்களின் வழிவந்தது. கட்டுமானப் பொருள் ‘கோயா’ என்ற மலைப்புல். அதைத் தவிர வேறு எதுவும் இல்லை என்றே சொல்லிவிடலாம்.

வருடந்தோறும் ஜூன் மாதம் நான்கு கெச்சுவா கிராமங்கள் அங்கே கூடுகின்றன. ஆற்றின் இரண்டு கரையையும் சேர்ந்தவர்கள். ஒவ்வொரு குடும்பமும் தன் பங்குக் கயிற்றைக் கொண்டுவர வேண்டும். புல்லை அறுத்து, ஊறவைத்து, கல்லால் தட்டி, உள்ளங்கைகளுக்கிடையே முறுக்கினால் மெல்லிய கயிறு கிடைக்கும். இதில் பெண்கள் கைதான் முன்னால் நிற்கும். அந்த மெல்லிய கயிறுகளைச் சேர்த்து ஒரு தடிமன், அந்தத் தடிமன்களைப் பின்னி இன்னும் பெரிய வடம். கடைசியில் தொடை தடிமனில் நான்கு வடம் தரைக்கு, இரண்டு வடம் கைப்பிடிக்கு. வடத்தை இழுத்து இறுக்கும்போது இரண்டு கரையிலும் ஆட்கள் வரிசை கட்டி நிற்பார்கள். திருவாரூரிலோ ஸ்ரீவில்லிபுத்தூரிலோ தேர் வடம் பிடித்தவருக்கு அந்த இழுப்பு எப்படி இருக்கும் என்று விளக்க வேண்டியதில்லை.

பழைய பாலத்தை அறுத்து ஆற்றிலேயே விட்டுவிடுகிறார்கள். புல்தானே, போய்ச் சேர வேண்டிய இடத்துக்குப் போகும். மூன்று நாளில் புதிய பாலம் தயார். நான்காம் நாள் ஆட்டமும் பாட்டும். 2013ல் யுனெஸ்கோ இந்த மரபையும் அதன் பின்னாலுள்ள அறிவையும் மானுடத்தின் கலாசாரச் சொத்தாகப் பட்டியலில் சேர்த்தது.

கொஞ்ச தூரத்திலேயே வண்டி போகிற நவீனப் பாலம் இருக்கிறது. ஆகவே ஆற்றைக் கடக்க வழியில்லாமல் இந்தப் பாலத்தைக் கட்டவில்லை. இது கலையா, பொறியியலா, சடங்கா என்று பிரித்துப் பார்ப்பது வெளியாள் வேலை. கட்டுகிறவர்களுக்கு மூன்றும் ஒரே கயிற்றில் முறுக்கியவை.

2020ல் பெருந்தொற்று வந்தது. கூடக் கூடாது என்று உத்தரவு. ஒரே ஒரு ஜூன் தவறியது. 2021 மார்ச்சில் பாலம் அறுந்து ஆற்றில் விழுந்தது. கவனிக்க ஆள் இல்லாத புல்லுக்கு அவ்வளவுதான் ஆயுள். அதே வருடம் ஜூனில் கிராமத்தார் மறுபடி கூடினார்கள், மறுபடி பாலம் எழுந்தது. எஃகில் கட்டியிருந்தால் ஒரு வருடம் கூடாமல் போனது யாருக்கும் தெரிந்தே இருக்காது.

ஆப்பிரிக்காவின் மாலி நாட்டிலும் இதே கணக்குத்தான். ஜென்னே நகரத்துப் பெரிய மசூதி 1907ல் இன்றைய வடிவம் பெற்றது. உலகின் மிகப் பெரிய மண் கட்டடம் என்று பேரெடுத்தது. வருடம் ஒருமுறை, மழைக்கு முன்னால், ஊரே திரண்டு அதற்கு மண் பூசுகிறது. ஆற்று மண்ணோடு உமி கலந்து பல நாள் புளிக்கவிடுவார்கள். இளவட்டங்கள் தெருவுக்குத் தெரு போட்டி போட்டுக்கொண்டு கூடை கூடையாக ஓடிச் சுமக்க, பெண்கள் தண்ணீர் கொண்டுவர, கொத்தனார் சங்கத்துப் பெரியவர்கள் எங்கே எவ்வளவு என்று சத்தம் போட்டுக்கொண்டிருப்பார்கள். சுவரிலிருந்து வரிசையாக நீட்டிக்கொண்டிருக்கும் பனங்கட்டைகள் வெறும் அலங்காரம் என்று பார்ப்பவர் நினைப்பார். அவைதான் நிரந்தரச் சாரம். அவற்றின் மேல் ஏறித்தான் பூசுகிறார்கள்.

பூசுவதிலும் அளவு வேண்டும். வருடா வருடம் மேலுக்கு மேல் ஏறிய மண் கனத்துப்போனது. 2009 நவம்பரில் கொட்டிய பெருமழையில் கோபுரங்களில் ஒன்றின் மேல்பகுதி சரிந்து விழுந்தது. பிறகு நடந்த திருப்பணியில் பழைய அடுக்குகளைச் சுரண்டி எடுத்துவிட்டுப் பூச வேண்டி வந்தது. அதன் பிறகு ஊர் வழக்கம்போலக் கூடையைத் தூக்கியது.

வேளார் வாங்கிய ஒரு பிடி மண்

இவ்வளவு தூரம் சுற்றிவிட்டு ஊர் திரும்பினால், புதுக்கோட்டை, சிவகங்கைச் சீமையில் இதைவிடப் பழக்கமான காட்சி காத்திருக்கிறது. திருமயம் பக்கம் நமணசமுத்திரத்திலோ இளங்குடிப்பட்டியிலோ அய்யனார் கோயில் பாதையில் நடந்தவர்களுக்குத் தெரியும். இரண்டு பக்கமும் மரத்தடியில் மண் குதிரைகள் வரிசை வரிசையாக நிற்கும். முன்வரிசைக் குதிரைகளின் மேல் வண்ணம் இன்னும் இருக்கும். அதற்குப் பின்னால் வண்ணம் போய்ச் செம்மண் நிறம் தெரியும். இன்னும் பின்னால் காது உடைந்தவை, முகம் போனவை, நான்கு கால் மட்டும் மிஞ்சியவை. அதற்கும் பின்னால் வெறும் ஓட்டாஞ்சில்லு மேடு. ஒவ்வொரு வரிசையும் ஒரு திருவிழா.

புரவி எடுப்பு என்று அதற்குப் பெயர். வேலை தொடங்குவது மண் வனைகிற வேளார் வீட்டில் அல்ல, ஊர்க் கூட்டத்தில். இந்த வருடம் எடுக்கலாம் என்று முடிவானதும், ஊர்ப் பெரியவர்கள் ஒரு பிடி மண்ணை எடுத்து, வெற்றிலை பாக்கோடு முறைப்படி வேளாரிடம் கொடுப்பார்கள். அதுதான் பிடிமண். அது கை மாறாமல் வேளார் குதிரைக்கு மண் மிதிப்பதில்லை. அந்த ஒரு பிடி, குழைத்த களிமண்ணோடு கலந்த பிறகு, எழப்போகிற குதிரை அவர் ஒருவருடையது அல்ல, ஊருடையது.

குளத்துக் களிமண்ணில் மணலும் உமியும் வைக்கோல் துணுக்கும் சேர்த்து மிதிப்பார்கள். உமிக்கு ஒரு வேலை இருக்கிறது. சூட்டில் அது எரிந்து போய் மண்ணுக்குள் நுண்ணிய துளைகளை விட்டுச் செல்லும். அந்தத் துளை வழியே ஈரம் வெளியேறுவதால் கனமான சுவர் வெடிக்காமல் தப்பும். ஜென்னேயின் கொத்தனார் மண்ணில் உமி போடுவது பிளவைத் தடுக்க, நம் வேளார் போடுவது நெருப்பைத் தாங்க. நெல் விளைகிற இரண்டு ஊரும் ஒன்றையொன்று அறியாமலே ஒரே பொருளிடம் போயிருக்கின்றன.

முதலில் நான்கு கால். உள்ளே கூடாக, குழாய் மாதிரி. அவை கொஞ்சம் இறுகிய பிறகுதான் வயிறு. திரி திரியாக உருட்டிய மண்ணை வளைத்து வளைத்து ஏற்றி, தட்டிப் பலகையால் தட்டி இணைப்பார்கள். அவசரப்பட்டு ஒரே நாளில் ஏற்றினால் மேல் கனம் தாங்காமல் கால் உட்கார்ந்துவிடும். கழுத்து, முகம், பிதுங்கிய கண், விரிந்த மூக்கு, பல் வரிசை. அப்புறம் நகை அலங்காரம்: கழுத்து மணி, சலங்கை, சேணம், கடிவாளம். ஆள் உயரத்தைத் தாண்டிய குதிரையைச் சூளைக்குத் தூக்கிப் போக முடியாது. அதனால் குதிரை நிற்கிற இடத்திலேயே வறட்டியும் வைக்கோலும் விறகும் அடுக்கி, அதைச் சுற்றியே சூளையை எழுப்பிவிடுவார்கள். வெந்து ஆறிய பிறகு சுண்ணாம்பு வெள்ளை, அதன்மேல் வண்ணம்.

கண் மட்டும் மிச்சம் இருக்கும். திருவிழா நாளில், ஊர் கூடிய பிறகுதான் கண் திறப்பு. அது முடிந்ததும் மாலை, துண்டு, மேளம், வாணவேடிக்கை. கழிகளில் கட்டி, தோள் மாற்றித் தோள் மாற்றி, குதிரையைக் கோயிலுக்குச் சுமந்து போகிறார்கள். பிள்ளை பிறந்ததற்கு நேர்ந்துகொண்டவர், மாட்டுக்கு நோய் தீர்ந்ததற்கு நேர்ந்துகொண்டவர், வெளிநாட்டு வேலை கிடைத்ததற்கு நேர்ந்துகொண்டவர் என்று ஆளுக்கொரு காரணம். குதிரை எடுக்க வசதி இல்லாதவர் காளை எடுக்கிறார், பிள்ளை பொம்மை எடுக்கிறார். கோயில் வாசலில் இறக்கி வைத்துவிட்டு வீட்டுக்குப் போய்விடுகிறார்கள். அதன் பிறகு அந்தக் குதிரைக்குப் பராமரிப்பு கிடையாது. மழையும் வெயிலும் ஆடும் பார்த்துக்கொள்ளும்.

வேளார்களோடு வாழ்ந்து ஆராய்ந்த மானுடவியலாளர் ஸ்டீபன் இங்கிலிஸ் 1980களில் இதைப் பற்றி எழுதினார். பல கோயில்களில் வேளார்தான் பூசாரி. செய்கிற கையும் பூசை போடுகிற கையும் ஒன்று. ஆனால் குதிரையின் மேல் எங்கும் அவர் பெயர் இருக்காது. கேட்டால் பக்கத்து ஊர்க்காரர் சொல்லிவிடுவார், இது இன்னார் கை என்று. மூக்கு வளைகிற விதத்திலேயே தெரியும்.

இந்த முறைக்கும் இப்போது நெருக்கடி இருக்கிறது. வருடா வருடம் மண் குதிரை எடுப்பதைவிட, ஒரே தடவையாக சிமெண்டில் பெரிதாகக் கட்டி எனாமல் பெயிண்ட் அடித்துவிட்டால் தொல்லை விட்டது என்று பல ஊர்கள் முடிவு செய்துவிட்டன. பார்க்க எடுப்பாகத்தான் இருக்கிறது. ஆனால் பிடிமண் கொடுக்க அங்கே இனி ஆளும் வேண்டாம், நாளும் வேண்டாம். தோள் கொடுக்க எந்தத் தெருவும் வர வேண்டியதில்லை. இன்னொரு பக்கம், குளத்தில் களிமண் எடுக்க அனுமதி கிடைப்பதே குயவர்களுக்குப் பல வருடம் பெரும்பாடாக இருந்தது. 2024ல் தமிழக அரசு, ஏரி குளங்களில் மண் எடுக்க விவசாயிகளும் மண்பாண்டத் தொழிலாளர்களும் வட்டாட்சியர் அளவிலேயே அனுமதி பெறலாம் என்று நடைமுறையை எளிமையாக்கியது. கலையைக் காப்பாற்றுவது என்பது சில சமயம் இவ்வளவு சாதாரணமான ஓர் அரசாணைதான்.

நம் தெருவில் ஒன்று செய்வதானால்

பள்ளிக்கூடங்களும் அடுக்குமாடிக் குடியிருப்புகளும் இன்று ‘கம்யூனிட்டி ஆர்ட்’ என்ற பெயரில் நிறையச் செய்கின்றன. சுவருக்குப் பெயிண்ட் அடிக்கிறார்கள், பிளாஸ்டிக் மூடி ஒட்டி யானை செய்கிறார்கள். திறப்பு விழாவன்று படம் நன்றாக வருகிறது. ஆறு மாதம் கழித்து யானையின் மூடிகள் ஒவ்வொன்றாக உதிர்ந்து கீழே கிடக்கும். எடுத்து ஒட்டுவது யார் வேலை என்று யாருக்கும் தெரியாது.

மேலே சொன்ன ஊர்களிடமிருந்து அவர்கள் எடுத்துக்கொள்ளக் கூடியவை சில உண்டு. பொருளை ஆன்லைனில் தேடுவதற்கு முன்னால், நடந்துபோகிற தூரத்தில் என்ன கிடைக்கிறது என்று பார்க்கலாம். கடலோர ஊரில் கிளிஞ்சலும் வலைக்கயிறும், திருநெல்வேலிப் பக்கம் கோரைப்புல், தூத்துக்குடிப் பக்கம் பனையோலை, பொள்ளாச்சியில் தேங்காய் நார், எங்கும் கிடைக்கிற களிமண், பச்சரிசி மாவு. அந்தப் பொருளில் ஏற்கெனவே கை பழகிய ஒருவர் அந்த ஊரில் இருப்பார். பாய் முடைகிறவரோ கயிறு திரிக்கிறவரோ, அவரை வேடிக்கை காட்ட அழைக்காமல் வேலைக்குத் தலைவராக அழைக்க வேண்டும், கூலியும் கொடுக்க வேண்டும். விதி இரண்டு மூன்று வரிக்குள் இருந்தால் ஏழு வயதுப் பிள்ளைக்கும் புரியும். அதற்கு மேல் போனால் அது ஓவிய வகுப்பு. எப்போது கலைப்பது, கலைத்ததை எங்கே போடுவது என்பதையும் தொடங்கும்போதே பேசிவிட வேண்டும். செய்தவர்கள் பெயரைப் பலகையில் எழுதுவதானால் எல்லார் பெயரையும் எழுத வேண்டும், நன்கொடை கொடுத்த நிறுவனத்தின் பெயரை எல்லாவற்றுக்கும் மேலே பெரிதாகப் போடாமல். இனகதாதேக்காரர்கள் நாற்றையே பிடுங்கினார்கள் என்பது நினைவிருக்கட்டும்.

இளங்குடிப்பட்டிப் பக்கம் போகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். படம் எடுத்துக்கொள்ளுங்கள், வரிசைகளை எண்ணிப் பாருங்கள், உடைந்து கிடக்கிற காதையோ குளம்பையோ கையில் எடுத்து உள்பக்கம் திருப்பிப் பாருங்கள். எரிந்துபோன உமியின் தடம் சின்னச் சின்னக் கீறலாகத் தெரியும். சில துண்டில் வேளாரின் விரல் ரேகையும் இருக்கும். பார்த்துவிட்டு, வீட்டு அலமாரிக்குக் கொண்டுவராமல், எடுத்த இடத்திலேயே வைத்துவிடுங்கள்.